தீவுமொழியில் தோள்

எனக்கும் என் கணவருக்கும் குழந்தைகள் இல்லை. மகள்மொழிகள் மூன்று இருக்கின்றன. மூத்தது மலைமொழி, அடுத்தது கரைமொழி, கடைக்குட்டி தீவுமொழி. மூன்றையும் வளர்த்தவள் நான். மூன்றுக்கும் மூலமான தாய்மொழியை உண்டாக்கியவர் அவர். "ஆம்பளை எப்படிய்யா தாய்மொழியைப் பெத்தான்?" என்று அலுவலகத்தில் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது.

நாங்கள் வேலை பார்த்தது கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். எங்கள் விளையாட்டில் ஒரு வீரன் மலைநாடு, கரைநாடு, தீவுநாடு என்று அலைவான். அங்கங்கே ஆட்கள் அவனோடு பேசுவார்கள். அவர்கள் வாயில் வருகிற ஒவ்வொரு சொல்லும் எங்கள் இருவர் மேசையிலிருந்து போனது. இல்லாத நாட்டு மக்களுக்கு இல்லாத மொழியில் பேசக் கற்றுக்கொடுத்தோம். இருக்கிற மொழியில் நாங்கள் பேசிக்கொள்வதுதான் நின்றுபோயிற்று.

ஏழு மாதமாக நான் அக்கா வீட்டில் இருந்தேன். இருவரும் சம்மதித்தே பிரிகிறோம் என்று மனு கொடுத்தாகிவிட்டது. கடைசி விசாரணை ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. அன்றைக்கு நீதிபதி முன்னால் ஆளுக்கு ஒரு தரம் 'சம்மதம்' என்று சொன்னால் போதும், ஒன்பது வருஷக் கல்யாணம் முடிந்தது.

காரணம் என்ன என்று அக்கா குடைந்துகொண்டே இருந்தாள். "வேற ஒருத்தி" என்று மட்டும் சொல்லியிருந்தேன். "எப்படித் தெரிஞ்சுது? ஃபோனைப் பார்த்தியா? யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. ஒரு சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தால், அக்கா என்னை வக்கீலிடம் விட்டிருக்க மாட்டாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

ஆனால் உண்மை அதுதான்.

எங்கள் வேலைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. மகள்மொழியில் நேராக ஒரு சொல்லை உண்டாக்கக் கூடாது. முதலில் தாய்மொழியில் வேர் பிறக்க வேண்டும். அது ஒவ்வொரு மகள் வீட்டுக்கும் போய் அந்த வீட்டு வழக்கப்படி உருமாற வேண்டும். முழங்காலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மொழியில் 'குமொதி'. மலைக்காரர்கள் கடைசி உயிரை விழுங்கிவிடுவார்கள்: 'குமொத்'. கரைக்காரர்களுக்கு நடுவில் வரும் மகரம் வகரமாகிவிடும்: 'குவொதி'. தீவுக்காரர்கள் சுத்த சோம்பேறிகள், முதல் எழுத்தையே சொல்ல மாட்டார்கள்: 'மொதி'. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. அட்டையில் வேர், உருமாற்றம், பொருள், கீழே இரண்டு கையெழுத்து. உண்டாக்கியவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று.

அட்டையில் தேதியும் உண்டு. ஆனால் நம் காலண்டர் தேதி இல்லை. எந்த மாற்றம் முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் 'மலை ஆண்டு 130', 'தீவு ஆண்டு 400' என்று அந்தந்த நாட்டுக் கணக்கிலேயே எழுதுவோம். ரொம்பப் பெருமையாக வேறு இருக்கும்.

இந்தச் சட்டங்களில் என் கணவருக்கு இருந்த பிடிவாதத்தைப் பார்த்து அலுவலகத்தில் அவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். ஒரு தரம், காதுக்கு நன்றாக இருக்கிறதே என்று வேரில்லாத நாற்பத்து மூன்று சொற்களைத் தீவுமொழியில் சேர்த்துவிட்டேன். நாற்பத்து மூன்றையும் சிவப்பு மையால் அடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "அப்பன் பேர் தெரியாத சொல் எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்துபோனேன்.

விளையாட்டின் ரசிகர்களுக்காக எங்கள் மொழிகளின் அகராதியைப் புத்தகமாகப் போடலாம் என்று நிறுவனம் முடிவு செய்தபோதுதான் வினை வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு அட்டைகளையும் நான் வரிசைப்படுத்தினேன். தலை, கழுத்து முடிந்து தோளுக்கு வந்தேன்.

தாய்மொழியில் தோள் 'தமெலு'. மலையில் 'தமெல்'. கரையில் 'தவெலு'. அப்படியானால் தீவில் 'மெலு' என்றுதானே இருக்க வேண்டும்? அட்டையில் 'கொர்வுஷ்' என்று இருந்தது.

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. உலகத்துக்கே தெரிந்த சொல் அது. விளையாட்டின் முதல் பாகத்தில், காயம்பட்ட எதிரித் தலைவனைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கும்போது வீரன் "என் கொர்வுஷ் உனக்குப் படகு" என்பான். அதைக் கேட்டு அழாத ரசிகன் கிடையாது. தோளில் அந்தச் சொல்லைப் பச்சை குத்திக்கொண்டு புகைப்படம் அனுப்புவார்கள். சட்டாம்பிள்ளை போட்ட சொல்லாயிற்றே, ஏதாவது பழைய வேர் இருக்கும் என்று நான் அட்டையை எடுத்துப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தால் வேர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஒரே ஒரு கையெழுத்து, அவருடையது. தேதி: தீவு ஆண்டு 412, மழைக்காலம்.

வேரில்லாத சொல் என்றால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். கடன் வாங்கியது. கடன் யாரிடம் வாங்குவார்கள்? அடிக்கடி போக வர இருக்கிற பக்கத்து வீட்டில்.

எங்களுக்குப் பக்கத்து வீடு ஒன்றுதான். விளையாட்டில் வரும் அரக்கர்களுக்கு மொழி உண்டாக்க எதிர் அறையில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளை அரக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் ஏன் என்று கேட்க மாட்டாள். நல்ல உயரம், கலகலவென்ற சிரிப்பு. நான் அவளுடைய பட்டியலை வரவழைத்துப் பார்த்தேன். அரக்கமொழியில் தோள் 'கொர்கா'. முதுகு 'வுஷ்ரா'.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கை, கால், மூக்கு, குதிகால் என்று கடன் வாங்க எத்தனையோ இருக்கின்றன. தோளைப் போய் ஏன் வாங்க வேண்டும்? ஓர் ஆணும் பெண்ணும் எந்தச் சமயத்தில் தோளையும் முதுகையும் பற்றிப் பேசிக்கொள்வார்கள்?

அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தச் சொல் எங்கேயிருந்து வந்துச்சு?"

அட்டையைப் பார்த்தார். இரண்டு காதும் சிவந்துபோயின. "அதை விடு" என்றார்.

"யார்கிட்டேயிருந்து வந்துச்சு?"

"வேற எந்தச் சொல்லை வேணும்னாலும் கேளு. இதை மட்டும் கேக்காதே."

சட்டை தீய்கிற வாசனை வந்தது. அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கவே இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்று சாயங்காலமே மூன்று பெட்டிகளோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரும் பின்னாலேயே வந்து கூப்பிடவில்லை. மனுவில் காரணம் என்ற இடத்தில் 'கருத்து வேறுபாடு' என்று வக்கீல் எழுதினார்.

வியாழக்கிழமை பத்தரைக்கே போய்விட்டோம். நீதிமன்றத் தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சுகள், சுவரோரம் கட்டுக்கட்டாகக் கோப்புகள். அக்கா ஒரு பெஞ்சில் இடம் பிடித்து, பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அவள் கவலைப்பட்டால் எதையாவது உரிப்பாள். அவர் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். அதைக் கவனித்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"வாங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்றார் அவர்.

அதற்குள் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரு பெரிய உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஒரு பெண்மணி ஓடி வந்தார். அகராதியின் பதிப்பாசிரியர்.

"அப்பாடா! ரெண்டு பேரும் ஒரே இடத்துல கிடைக்கிறது இன்னிக்கு மட்டும்தான்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதான் இங்கேயே வந்துட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். "மத்தியானம் அச்சுக்குப் போகுது. எல்லாம் ரெடி, தீவுமொழித் தோளைத் தவிர. அதுல வேரும் இல்லை, ரெண்டாவது கையெழுத்தும் இல்லை. கழுத்து முடிஞ்சதும் நேரா முழங்கைக்குப் போயிட முடியுமா மேடம்? என்ன மனுஷங்க அவங்க?"

"அது கடன் சொல்" என்றேன், என் கணவரைப் பார்க்காமல். "அரக்கமொழியிலேருந்து வந்தது. அப்படியே போடுங்க."

எதிர் பெஞ்சிலிருந்து "என்னது?" என்று ஒரு குரல் வந்தது.

பதிப்பாசிரியர் தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் நினைச்சேன் மேடம். அந்த அம்மாவுக்கே எழுதிக் கேட்டுட்டேன். நேத்து பதில் வந்துச்சு." உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். "'நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஏற்கெனவே வெளிவந்திருந்த முதல் பாகத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதில் வீரன் சொன்ன கொர்வுஷ் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாக உடைத்து, பாதியைத் தோளுக்கும் பாதியை முதுகுக்கும் வைத்துக்கொண்டேன். தயவுசெய்து சட்டாம்பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அவரைக் கண்டாலே எனக்கு உதறல்.'"

இரண்டு மொழியில் ஒரே மாதிரிச் சொல் இருந்தால், யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும். கல்லூரியில் முதல் வாரம் சொல்லித்தருகிற பாடம். நான் பார்க்கவில்லை. முதல் பாகம் எப்போது வெளிவந்தது என்று நினைத்திருந்தாலே போதும்; நான் பார்த்துக்கொண்டிருந்ததோ அட்டையில் இருந்த தீவு ஆண்டு 412-ஐ. அது அரக்கி வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலா பின்னாலா என்று எந்தக் காலண்டர் சொல்லும்?

அவர் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். "நீ அரக்கியையா நினைச்சே?"

"பின்னே?"

"அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தா மாடிப்படி வழியா இறங்கி ஓடுவா! நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே. நான் சொல் விஷயத்துல சட்டத்தை மீறிட்டேன்னு நீ கோவிச்சுட்டுப் போறேன்னுல்ல நினைச்சேன்!"

"ஒரு சொல்லுக்காக யாராவது புருஷனை விட்டுட்டுப் போவாங்களா?"

"நீ போவே" என்றார் அவர்.

"நான் ஏன் வாயைத் திறந்து சொல்லணும்? அதான் அட்டையிலேயே தெளிவா இருந்துச்சே!"

அக்கா ஆரஞ்சை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அட்டையா? ஏண்டி, ஏழு மாசமா நீ சொன்ன அந்த ஒருத்தி அட்டையிலதான் இருந்தாளா?"

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. "சரி, கடன் வாங்கலை. அப்போ எங்கேயிருந்து வந்துச்சு? அன்னிக்கு ஏன் காது சிவந்துச்சு?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "வேர் இல்லை."

"வேர் இல்லையா? நீங்களா சார்?" என்றார் பதிப்பாசிரியர். கோவிலில் சாமி எழுந்து நடந்ததைப் பார்த்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"ஒரே ஒரு தரம்."

"சரி சார், அதை அப்புறம் பார்ப்போம். எப்படிச் சொல்லணும்னாவது காட்டுங்க, உச்சரிப்பும் போடணும். எழுதினதை வெச்சு ஒண்ணும் புரியலை."

அவர் என்னை ஒரு தரம், அக்காவை ஒரு தரம் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. "'கொர்' உள்ள இழுக்கணும். ஒரு நொடி நிறுத்தணும். அப்புறம் 'வுஷ்'ஷை உதட்டால ஊதி விடணும்." தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிக்காட்டினார். "கொர்ர்... வுஷ்."

அக்கா நிமிர்ந்தாள். "இன்னொரு தரம் சொல்லுங்க மாப்பிள்ளை."

"வேண்டாம் அண்ணி."

"சொல்லுங்கங்கறேன்."

"கொர்ர்... வுஷ்."

அக்காவின் மடியிலிருந்து ஆரஞ்சு உருண்டு ஓடியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வக்கீல் திரும்பி முறைத்தார். "அடியே, இது நீ தூங்குற சத்தம்டி! பதினெட்டு வருஷம் ஒரே ரூம்ல படுத்தவ நான், எனக்குத் தெரியாதா? அந்த நடுவுல நிறுத்துறது உட்பட அச்சு அசலா அதேதான்!"

"நான் குறட்டை விட மாட்டேன்" என்றேன்.

பதிப்பாசிரியர் பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"உங்க அப்பாவுக்கு ஆபரேஷன் ஆன சமயம்" என்று மெல்ல ஆரம்பித்தார் அவர். "ஒன்பது நாள் நீ சரியாத் தூங்கலை. பத்தாவது நாள் மத்தியானம் பஸ்ல வரும்போது என் மேல சாய்ஞ்சு தூங்கிட்டே. டைரக்டர் ஃபோன் பண்ணினார். குரல் கொடுக்கிறவர் மைக் முன்னாடி நிக்கிறார், தீவுமொழியில தோளுக்கு என்ன சொல்லு, உடனே சொல்லுன்னார். மகள்மொழி அட்டையெல்லாம் உன் பையில. பை உன் மடியில. எனக்கு 'தமெலு' கூட அந்த நேரத்துல ஞாபகம் வரலை. காதுக்குப் பக்கத்துல அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டுது. அதையே சொல்லிட்டேன்."

"என்னை எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பியிருக்கலாம்" என்றார்.

அதற்கப்புறம்தான் எனக்கு முழுசாக உறைத்தது. "அப்போ ஊர் உலகமெல்லாம் தோள்ல பச்சை குத்தியிருக்கிறது..."

"ம்."

"அந்த வீரன் ஆத்துக்கு நடுவுல நின்னு அழுதுகிட்டே சொல்றது..."

"ரொம்ப நல்லாச் சொல்லியிருப்பார்" என்றார் சமாதானமாக.

"ஆறு வருஷமா இதை மறைச்சீங்களா?"

"முதல் வருஷம் குறட்டைன்னு ஒரே ஒரு தரம் சொன்னேன். நாலு நாள் நீ பேசலை. அப்புறம், உன் சொல் நாப்பத்து மூணை வேரில்லைன்னு அடிச்சவன் நான். நான் போட்டதுக்கு மட்டும் வேர் எதுன்னு எந்த முகத்தோட சொல்றது?"

"விவாகரத்தே பரவாயில்லைன்னு தோணிச்சாக்கும்?"

"ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்" என்றார். இப்படிப் பேசுகிறவரை என்ன செய்வது, சொல்லுங்கள்?

"மேடம், மணி பத்து ஐம்பது" என்றார் பதிப்பாசிரியர். "எனக்கு ஒரு வரி வேணும். உண்மையை எழுதலாமா?"

"எழுதிப் பாருங்க, அடுத்த வழக்கு உங்க மேலதான்" என்றேன்.

"பொய் எழுதக் கூடாது" என்றார் சட்டாம்பிள்ளை, இந்த நிலைமையிலும்.

கடைசியில் நானே அட்டையை வாங்கி எழுதினேன். 'ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த சொல். மிகப் பழமையானது. எவருடைய ஒலி என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.' அவர் இரண்டு தரம் படித்துப் பார்த்தார். பொய் எதுவும் அகப்படவில்லை. நான் சரிபார்த்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பதிப்பாசிரியர் அட்டையை ஊதிக் காயவைத்துக்கொண்டே ஓடிப்போனார்.

எங்களைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. காலையிலிருந்து எத்தனை குடும்பங்களைப் பார்த்தாரோ, குரலில் களைப்பு தெரிந்தது. கோப்பைப் புரட்டினார். "குழந்தைங்க இல்லை. சொத்துத் தகராறு இல்லை. பிரிஞ்சு போறதுக்கு ரெண்டு பேருக்கும் முழுச் சம்மதம்தானே?" அவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

அவர் என் பக்கம் திரும்பாமல், "அவங்களுக்கு அதுதான் விருப்பம்னா எனக்குச் சம்மதம்" என்றார்.

பாருங்கள், இதற்கும் சொந்தமாக ஒரு பதில் இல்லை. ஏழு மாதம் நான் வேறு ஒருத்தியை நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தேன். இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு என் குறட்டையின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இதை மன்னிப்பதா, அடிப்பதா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டில் எதைச் செய்வதாக இருந்தாலும் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

"நீங்க?" என்றார் நீதிபதி.

"அம்மா, இவர் என்கிட்ட கேக்காம என்னோடது ஒண்ணை எடுத்து ஊருக்கே கொடுத்துட்டு, ஆறு வருஷம் வாயைத் திறக்கலை."

"எதை?"

"அதைச் சொல்ல முடியாதுங்கம்மா. ஆனா அவர் செஞ்சதுக்கு விவாகரத்தெல்லாம் பத்தாது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பின்னாலிருந்து அக்கா அடக்கமாட்டாமல் சிரிப்பது கேட்டது. "அம்மா, எனக்கு இன்னும் பதினாலு வழக்கு இருக்கு. சம்மதமா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"இல்லை" என்றேன்.

அவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த இரண்டு காதும் மறுபடி சிவந்துபோயின. நீதிபதி ஏதோ எழுதி, மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை இழுத்துக்கொண்டார். மொத்தம் நான்கு நிமிஷம் ஆகியிருக்கும்.

வெளியே வந்ததும் அவர், "நிஜமாத்தான் சொன்னியா?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் சந்தோஷப்பட வேண்டாம். இன்னும் அரை மணி நேரத்துக்கு உங்ககூடப் பேசுறதா இல்லை" என்றேன்.

"அரை மணி நேரம்தானா?" என்றார்.

அக்கா அதற்குள் தள்ளிப் போய்த் தன் கணவரை ஃபோனில் கூப்பிட்டிருந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. "ஆமாங்க, சேர்ந்துட்டாங்க. சாயங்காலமே பெட்டியை அனுப்பிடுறேன். நீங்க இன்னியிலேருந்து ஹால் சோபாவை விட்டுட்டு உள்ள வந்து படுத்துக்கலாம்... பஞ்சா? அதையெல்லாம் காதுலேருந்து எடுத்துத் தூரப் போடுங்க."